மிரளும் குதிரையை கேட்டுக்கு வெளியே நடத்திப் போவது எப்படி?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழி, அதாவது உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடம். நாங்களும் பார்த்தோம். பல்லைப் பார்த்தோம், குளம்பைத் தூக்கிப் பார்த்தோம், ஓட்டிக் காட்டச் சொன்னோம். பால் கேன் கட்டிய மொபெட் எதிரே வந்தால் என்ன செய்யும் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

வாங்கியது குஜராத் பக்கத்துக் காத்தியவாரி இனப் பெண்குதிரை. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். தோட்டத்துக்குள் ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். கேட்டைத் தாண்டினால் ஆளே மாறிவிடும். முதல் நாளே வேலியில் சிக்கிய யூரியா சாக்கு ஒன்று காற்றில் படபடக்க, கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்த எனக்கு உள்ளங்கைத் தோல் உரிந்தது. விரல் போகாதது அதிர்ஷ்டம். புதிதாகக் குதிரை வைத்திருப்பவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

1. வலி இருக்கிறதா என்று பாருங்கள்

நேற்றுவரை சாதுவாக இருந்த குதிரை திடீரென மிரள ஆரம்பித்தால் முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல், முதுகு, லாடம், கண் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சேணம் அழுத்திப் புண்ணான முதுகோடு வரும் குதிரைக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

2. அமைதியான குதிரை எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உங்கள் குதிரையின் கணக்கைக் குறித்து வையுங்கள். வெளியே போய் நிற்கும்போது அது உதவும்.

பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைச் சொறிந்துவிட்டுப் பாருங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் நாடி இறங்கும். முகத்தைத் தட்டிக் கொடுப்பது நமக்குத்தான் பிடிக்கும், பல குதிரைகளுக்குப் பிடிப்பதில்லை.

3. இரண்டு பக்கமும் நின்று நடத்தப் பழக்குங்கள்

நம் ஊரில் குதிரையை இடப்பக்கம் நின்றே பிடித்துப் பழக்கம். ரோட்டில் அது போதாது. மிரண்ட குதிரை பயந்த பொருளிலிருந்து விலகித்தான் தாவும். ஆகவே பயப்படும் பொருளுக்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் இருக்க வேண்டும். இடது ஓரமாகப் போகும்போது வண்டிகள் வலப்பக்கம் கடக்கும் என்பதால், நீங்களும் வலப்பக்கம்தான் நடக்க வேண்டும். எதிரில் நிற்காதீர்கள், தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பத்துப் பன்னிரண்டு அடி பருத்திக் கயிறு, கையுறை, ஹெல்மெட் மூன்றும் கட்டாயம். மீதிக் கயிற்றை மடித்துப் பிடியுங்கள், சுற்றிப் பிடிக்கவே கூடாது.

கூடவே இரண்டு பாடம்: கயிற்றை லேசாக அழுத்தினால் பின்னால் இரண்டு எட்டு வைப்பது, தலை தாழ்த்துவது. செய்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது அந்தத் தளர்விலிருந்துதான். தளர்த்தத் தாமதித்தால், என்ன செய்ததற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது.

4. முதல் வாரம் கேட் வரைக்கும்தான்

எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் "குதிரை வாங்கி கேட்டுக்குக் காவல் வெச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார். காலை ஆறு மணிக்கு கேட்டுக்கு வெளியே பத்தடி போய், நின்று, புல் மேயவிட்டு, திரும்பி வந்துவிடுவேன். மறுநாள் இருபதடி. மொத்தம் பத்து நிமிடம். குதிரை பயந்து திரும்பினால் அது தப்பித்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். பயப்படுவதற்கு முன்பே நீங்கள் திருப்பினால் வெளியே போவதும் வருவதும் சாதாரணம் என்று ஆகிவிடும்.

எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க வெல்லம் உதவும். வீட்டில் ஆசையாகத் தின்கிற வெல்லத்தை வெளியே முகர்ந்துகூடப் பார்க்கவில்லையென்றால் அதிக தூரம் வந்துவிட்டீர்கள். நாலடி பின்னால் போங்கள்.

5. நின்றுவிட்டால் இழுக்காதீர்கள்

குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தெரியாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போனால் கண் பழகவும் நம்மைவிட நேரம் எடுக்கும். புளியமர நிழல், வேகத்தடையின் வெள்ளைக் கோடு, வாய்க்கால் பாலம் எல்லாம் நமக்கு ஒன்றுமில்லை, அதற்குப் பள்ளம். பார்க்க விடுங்கள்.

தலை உயர்ந்து, மூக்கு விரிந்து, கழுத்து கட்டையாகி நின்றால் இன்னும் யோசிக்கிறது. தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, மூக்கால் நீளமாக மூச்சு விட்டால் ஒருவிதமாகச் சமாதானமாகிவிட்டது. அதுவரை நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் கீழ்பவானி வாய்க்கால் கரையில் மெதுவாக ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நிற்பேன். பாடும்போது மூச்சைப் பிடித்துவைக்க முடியாது, அதுதான் காரணம்.

நிற்கவும் முடியாமல் துள்ளினால் சின்ன வட்டமாக நடத்துங்கள், பழக்கிய இரண்டு எட்டுப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். அடித்தால் சாக்கோடு உங்களையும் சேர்த்துப் பயப்படும்.

போகும்போது கடந்த சாக்குக்குத் திரும்பும்போதும் மிரளலாம். அந்தப் பக்கமிருந்து அது வேறு உருவம். குறும்பு என்று நினைத்துத் திட்டாதீர்கள்.

6. துணைக்கு ஒரு கிழட்டுக் குதிரை

கிடைத்தால் விடாதீர்கள். ரோட்டில் பழகிய குதிரை முன்னால் போனால், ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடியும். அப்புறம் இடையிடையே உங்களுடையதை முன்னால் விடுங்கள், இல்லையென்றால் துணை இல்லாமல் நகராது. தார் ரோட்டில் லாடம் வழுக்கும், மண் ஓரத்திலேயே நடத்துங்கள்.

7. ஏறுவதும், வெளியூரும்

நடத்திப்போன வழியில் மட்டும் ஏறிப் போங்கள், புது வழி என்றால் இறங்கி நடங்கள். வெடியும் உருமியும் முழங்கும் திருவிழாவை முதல் வருடம் விட்டுவிடலாம்.

வெளியூரில் தங்குவதானால் சொந்த வாளியை எடுத்துப் போங்கள். வாசனை மாறினால் பல குதிரைகள் தண்ணீர் குடிக்காது, நம் வெயிலில் அது வயிற்று வலியில் கொண்டுபோய் விடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் துளி வெல்லம் கரைத்து வைத்துப் பழக்குங்கள். அங்கே போனதும் அதே வாளி, அதே வெல்லம். பக்கத்திலேயே வெல்லமில்லாத தண்ணீரும் ஒரு வாளி இருக்கட்டும்.