திரையிடலும் உரையாடலும்: திரைப்படச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியபோதும், 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோதும், நல்ல படத்தின் பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து வருவதே பெரும்பாடாக இருந்தது. இன்று உலகப் படங்கள் பல கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆகவே, ஞாயிறு மாலையில் ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்து நூலக அரங்கின் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்காருகிறார் என்றால், அது படத்துக்காக மட்டும் அல்ல. படம் முடிந்தபின் நடக்கும் பேச்சுக்காகவும்தான். மாதந்தோறும் திரையிடல் நடத்தும் அமைப்புகள் பலவும் அந்தப் பேச்சை நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைக்கின்றன.

முதலாவது நேரக் கணக்கு. ஆறு மணிக்கு என்று அறிவித்த நிகழ்ச்சி, ஆள் சேரட்டும் என்று ஆறரைக்குத் தொடங்குகிறது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போரின் பெயர்கள், பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம் எல்லாம் முடிய ஏழு மணி ஆகிவிடும். இரண்டு மணி நேரப் படம் ஒன்பதுக்கு முடிந்து, சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசி, இனிக் கலந்துரையாடலாம் என்று அறிவிக்கும்போது பாதிப்பேர் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள். கணக்கை முடிவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஒன்பது மணிக்கு அரங்கைப் பூட்டியாக வேண்டும் என்றால், உரையாடலுக்கு 45 நிமிடமும் விருந்தினருக்குப் பத்து நிமிடமும் ஒதுக்கிய பிறகு, இரண்டு மணி நேரப் படம் 6.05க்கு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியானால் வரவேற்புக்கு எஞ்சுவது ஐந்தே நிமிடம். பொன்னாடைக்கு அதில் இடமில்லை. அதனால் எந்த விருந்தினரும் குறைந்துவிடப் போவதில்லை. படம் முடிந்ததும் தேநீருக்கு இடைவேளை விடுவதும் இதே வகைத் தவறுதான், ஏனெனில் வெளியே போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. தேநீரைப் படத்துக்கு முன்பே கொடுத்துவிடலாம்.

விருந்தினரைத் தேர்வதில் பெயருக்கு மயங்குவது வழக்கம். மீனவர் வாழ்வைப் பற்றிய ஆவணப்படத்துக்குக் கூட்டம் சேர்க்கும் பிரபலத்தைவிட, கடலுக்குப் போய்வந்த ஒருவரோ மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி நெடுநாள் எழுதிவரும் செய்தியாளரோ அரங்கில் ஆழமான கேள்விகளை எழுப்புவார். அழைத்தால் மட்டும் போதாது. படத்தைச் சில நாள்களுக்கு முன்பே அவருக்கு அனுப்பி, மறுபடியும் பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். எப்போதோ பார்த்த நினைவில் பேசுபவர் படத்தை விட்டுவிட்டுத் தம் வரலாற்றுக்குள் போய்விடுவார். படத்துக்கு முன்பு அவரைப் பேச வைத்தால் கதை முழுவதையும் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. இயக்குநரே வந்திருக்கும் நாளில் சிக்கல் வேறு விதமானது: அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு குறை சொல்ல யாருக்கும் மனம் வராது, பாராட்டுகளோடு கூட்டம் கலைந்துவிடும். முதல் அரைமணி நேரம் பார்வையாளர்கள் தங்களுக்குள் பேசட்டும், இயக்குநர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு பதில் சொல்லட்டும் என்று முன்கூட்டியே அவரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

உரையாடலை நடத்துபவர், படம் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருந்தது என்ற பதிலோடு அரங்கு அடங்கிவிடும். குறிப்பிட்ட ஒரு காட்சியைச் சுட்டி, அந்தத் தாய் கதவைச் சாத்தாமல் போனது ஏன் என்பதுபோல் கேட்டால் கைகள் உயரும். கேள்வி என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு பேருரை ஆற்றுபவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஒலிவாங்கியைக் கையில் கொடுக்காமல் தன்னார்வலர் ஒருவரே பிடித்துக்கொண்டு நிற்பது அதற்குப் பழகிய வழி. கடைசி வரிசைக்கும் பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்துக்கும் அவர் தாமாகவே நடந்து போக வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, படத்தின் முதல் நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவதே பெருந்தவறு. திரைப்படம் வழக்கமாக விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடுவது. சில டிவிடி பதிப்புகள் 25 சட்டகத்தில் ஓடும். ஒரு பதிப்புக்குச் செய்த வசனவரிகளை (சப்டைட்டில்) மற்றொன்றில் சேர்த்தால், முதல் நிமிடத்தில் இரண்டு விநாடியாகத் தெரியும் பிசகு, இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் ஐந்து நிமிடத்தை நெருங்கிவிடும். ஆகவே நடுப்பகுதியையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அகலம் நான்குக்கு உயரம் மூன்று என்ற அளவில் எடுத்த பழைய படத்தைப் பதினாறுக்கு ஒன்பது அளவுள்ள அகலத்திரைக்கு இழுத்து நிரப்பினால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிந்துபோகும். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவர்களின் தலை ஏறத்தாழ நான்கடி உயரத்தில் இருப்பதால், திரையின் கீழ்விளிம்பு அதற்கு மேலே இல்லாவிட்டால் பின்வரிசைக்கு வசனவரி தெரியாது. ஒலியையும் மின்விசிறிகள் ஓடும்போதே சரிபார்க்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில், கட்டணம் வாங்கவில்லை என்பதால் எதையும் திரையிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது; ஓடிடி தளத்தின் தனிநபர் சந்தாவும் பொது அரங்குக்குப் பொருந்தாது. ஆவணப்பட இயக்குநர்கள் பலர், முறையாக எழுதிக் கேட்டால் மகிழ்ச்சியோடு இசைவு தருகிறார்கள். அந்த இசைவை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை என்பதையும் 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் சொல்கிறது. சான்றிதழில் உள்ள வயது வரம்பை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால், குழந்தைகளோடு வந்தவர்களை வாசலில் திருப்பி அனுப்ப நேராது.

பேச்சாளருக்கான வழிச்செலவை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. அழைக்கும்போதே தொகையைச் சொல்லி, அன்று இரவே கொடுத்துவிட வேண்டும். இலக்கியக் கூட்டம்தானே என்று அவரே பெருந்தன்மையோடு மறுத்தாலும், பேருந்துக் கட்டணம் அவருடைய பையிலிருந்து போகக் கூடாது.