உறைய வைத்த குறைகலோரிச் சாப்பாடு
கடையில் வாங்கும் உறைந்த உணவுப் பொதியில் கலோரியை மட்டும் பார்த்தால் போதாது. உப்பின் அளவையும், அந்தக் கணக்கு முழுப் பொதிக்கா அல்லது ஒரு பரிமாறலுக்கா என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

வீட்டில் செய்வதே எனக்கு உவப்பு. திருகோணமலையில் காலையில் வாங்கிய பாரை மீனைத் தேங்காய்ப்பால் விடாமல் பழப்புளியில் காய்ச்சி, ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோற்றுடனும் அவித்த பயற்றங்காயுடனும் ஒரு வேளைக்கு ஒன்றாகப் பெட்டிகளில் இடலாம். தாளிப்பில் கை இறுக்கம் தேவை; ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே ஏறத்தாழ 120 கலோரி உண்டு. உருளைக்கிழங்கு மட்டும் வேண்டாம், உறைந்து இளகினால் நீர்விட்டுச் சப்பென்றாகிவிடும்.

நம்மூர் வெக்கையில் சோற்றை நெடுநேரம் வெளியே விடாமல், அகன்ற தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, −18 பாகை செல்சியசில் உறையவிடுங்கள். முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் உணவின் நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.