நிற்பவர் ஏன் நிற்கிறார்: திருகோணமலையில் தொழில் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

சித்திரைப் புத்தாண்டு முடிந்து நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் பருவகாலம் தொடங்கும்போது நகரத்துக் கடைகளில் ஆள் குறைவது வழக்கமாகிவிட்டது. மருந்துக்கடையில் பில் போட்ட பிள்ளை ஹோட்டல் வரவேற்பு மேசைக்குப் போய்விடுகிறார். கட்டடப் பொருள் கடையில் சாமான் ஏற்றி இறக்கிய இளைஞர் புறாத்தீவுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் படகில் நிற்கிறார். ஏன் போனார் என்று கேட்டால் முதலாளிமார் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "சம்பளம் காணாதாம்." அது பொய்யில்லை என்றாலும், விலகும் நாளில் ஒருவர் யாரையும் நோகடிக்காமல் சொல்லக்கூடிய இலகுவான காரணமும் அதுவே. அதை மட்டும் நம்பி எல்லோருக்கும் ஆயிரம், இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்தவருடைய கடையிலும் அடுத்த வைகாசியில் ஆள் குறையத்தான் செய்கிறது.

பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை வைத்துத் தொழில் நடத்துவோருக்காக இதை எழுதுகிறேன். மனிதவளப் பிரிவு என்று தனியாக ஒன்றை வைக்க இவர்களுக்கு வசதி கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஊழியரின் ஊரும் குடும்பமும் தெரிந்திருக்கும். பெரிய நிறுவனங்களுக்கு எளிதில் வாய்க்காத அந்த அறிவை, ஊழியர் வேலையை விட்டுப் போகாமல் இருக்கப் பயன்படுத்தும் முறைதான் இங்கே சொல்லப்படுகிறது.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் போக விரும்புகிறாரா என்பது ஒன்று. விரும்பினால் அவரால் போக முடியுமா என்பது மற்றது. ஜேம்ஸ் மார்ச், ஹேர்பர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1958இலேயே இந்தப் பிரிப்பைச் செய்துவிட்டார்கள். போக விரும்பியும் வழியில்லாமல் இருப்பவர் வருகைப் பதிவேட்டில் நல்ல ஊழியராகவே தெரிவார். 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றி, செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது இந்த வேறுபாடு வெளிப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து நாட்டைவிட்டுப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் எத்தனையோ பேரைப் பற்றி, "அவர் எங்கேயும் போக மாட்டார்" என்று அவர்களுடைய முதலாளிமார் அதற்கு முதல் மாதம் வரை உறுதியாகச் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே முதல் வேலையாக ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, ஓர் ஊழியருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சேர்ந்த திகதி, ஊர், வேலைக்கு வந்து போகும் வழி, அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர், கடைக்குள் அவர் யாரோடு நெருக்கம், வீட்டில் அவரை நம்பியிருப்போர் ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே, நாளைக்கே விலகினால் சம்பளத்தைத் தவிர அவர் எதையெல்லாம் இழப்பார் என்பதை எழுதுங்கள். டெரன்ஸ் மிட்செலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவரை வேலையில் தொடர்ந்து நிற்க வைப்பவற்றை மூன்றாக வகுத்தது: மனிதரோடும் இடத்தோடும் உள்ள தொடர்புகள், வேலையும் ஊரும் தமக்குப் பொருந்தியிருக்கிறது என்ற உணர்வு, விலகினால் கைவிட வேண்டிவரும் நன்மைகள். கவனிக்க வேண்டியது, இம்மூன்றையும் அவர்கள் வேலைத்தளத்துக்குள் மட்டுமன்றி அதற்கு வெளியே, ஊழியர் வாழும் ஊரிலும் தேடினார்கள் என்பது. நம் ஊரில் இதை விளக்கத் தேவையே இல்லை. தம்பலகாமத்தில் வயலும் வயதான தாயும் உள்ளவருக்குக் கொழும்பில் இரட்டிப்புச் சம்பளம் கிடைத்தாலும் கணக்கு வேறாகத்தான் வரும்.

இந்தக் கொப்பி நிரம்பும்போது, முதலாளி இதுவரை பொருட்படுத்தாத சில விடயங்கள் கண்ணில் படும். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவிலிருந்து பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடந்து வந்தவர்கள், இன்று பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார்கள். ஆனால் கடையை இரவு எட்டரைக்குப் பூட்டினால் பஸ்ஸில் வருபவருக்கு வீடு சேர்வது அன்றாடப் போராட்டமாகிவிடும். அவருக்கு மட்டும் அரை மணிநேரம் முன்னதாக வேலை தொடங்கி முன்னதாக முடியும்படி ஒழுங்கு செய்வதற்கு ஒரு சதமும் செலவாகாது. நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் காசு மேசையில் யார் இருப்பது, பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழா நாட்களில் யாருக்கு மாலை ஓய்வு என்பதை மாதத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால், ஊழியர் ஒவ்வொரு முறையும் வந்து கெஞ்ச வேண்டியதில்லை. மூன்று மொழி பேசும் வாடிக்கையாளர் வந்துபோகும் ஊர் இது. தமிழ் மட்டும் தெரிந்த கூச்சமுள்ள பிள்ளையைச் சிங்களமும் ஆங்கிலமும் வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவர் திணறுவதைத் திறமைக் குறைவாக எண்ணுவதும் பொருத்தமில்லாத இடத்தில் ஆளை வைக்கும் தவறுதான்.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே பேச்சுக்கே இடமில்லை. அதற்கு மேல், பக்கத்துக் கடை கொடுப்பதைவிட வெகுவாகக் குறையாமல் இருந்தால் போதும். பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க் 1959இல் பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து வெளியிட்ட முடிவு பின்னர் பலமுறை விவாதிக்கப்பட்டது என்றாலும், அதன் ஒரு பகுதி கடைத்தெருவில் இன்றும் செல்லுபடியாகிறது: சம்பளமும் மேற்பார்வையும் பிழைத்தால் வெறுப்பு வளரும், அவை சரியாக இருப்பதால் மட்டும் வேலையில் பிடிப்பு வந்துவிடாது.

சம்பளத்தைவிட அதிகமாக உறவைக் கெடுப்பது சேமலாப நிதி. ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் செலுத்துவது 3 சதவீதம். இவற்றை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்திவிட வேண்டும். கையில் 40,000 ரூபா கொடுத்துவிட்டு, அதில் பெரும்பகுதிக்குப் படி என்று பெயர் சூட்டி, சிறிய அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் நிதி கட்டுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில் ஊழியர் நிதியில் தம் பெயரில் சேர்ந்திருக்கும் தொகையைப் பார்ப்பார். அந்த நாளுக்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் எந்த போனசும் அந்த நம்பிக்கையை மீட்டுத் தராது. விடுமுறையும் இதே வகைதான். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் இரண்டாம் ஆண்டிலிருந்து தரும் 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் அமைய விடுமுறையையும் முதலாளி கொடுக்கும் தயவாகப் பேசக் கூடாது.

அடுத்ததாக, நிற்பவர்களோடு பேச வேண்டும். கணக்கு முடிக்கும் மேசையில், மற்றவர்கள் காதில் விழும்படி வேண்டாம். பின்னேரம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் தேநீரோடு அரை மணிநேரம், ஆண்டுக்கு இரண்டு தடவை போதும். "இங்கே சந்தோஷமா?" என்று கேட்டால் "ஓம்" என்ற பதில்தான் வரும். உப்புவெளியில் ஆறு ஆண்டுகளாக நிற்கும் ஒரு காசாளரிடம் முதலாளி வேறு விதமாகக் கேட்டார்.

"பிள்ளை, போன மாசத்தில எந்த நாள் காலமை வேலைக்கு வர மனமில்லாமல் இருந்தது?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஞாயிறு வாறது எனக்குப் பிரச்சினை இல்லை ஐயா. சனி பின்னேரம்தான். மகளை ரியூசனால கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. அந்த ரெண்டு மணித்தியாலமும் மனசு கடையில இருக்காது."

சனிக்கிழமை நேரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியதோடு அது தீர்ந்தது. அவர் விலகியிருந்தால் காரணம் சம்பளம் என்றுதான் பதிவாகியிருக்கும். இப்படிப்பட்ட பேச்சில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, "எந்த வேலையை உங்கள் கையில் முழுதாகத் தந்தால் நன்றாகச் செய்வீர்கள்?" என்பது. பதில் கிடைத்தால் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். கொள்முதல் பட்டியலோ, புதியவரைப் பழக்குவதோ, சாவியோ எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. நிறைவேற்றும் எண்ணமில்லாவிட்டால் கேட்காமல் இருப்பதே நல்லது.

பலர் மெல்ல மெல்ல வெறுத்து விலகுவதில்லை. ஏதோ ஒரு சம்பவம் அவர்களை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. தோமஸ் லீயும் மிட்செலும் 1994இல் இதை அதிர்வு என்ற கருத்தாக விளக்கினார்கள். அந்தச் சம்பவம் கெட்டதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கல்யாணம் ஒழுங்காகிறது, கட்டாரில் இருக்கும் தமையன் விசா எடுத்திருப்பதாகச் சொல்கிறார், அரசாங்க உத்தியோகப் போட்டிப் பரீட்சையின் முடிவு வருகிறது, அல்லது வாடிக்கையாளர் முன்னிலையில் மேற்பார்வையாளர் ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசிவிடுகிறார். முதல் மூன்றையும் நீங்கள் தடுக்க முடியாது. ஓய்வூதியத்தோடு வரும் அரச வேலையோடு போட்டியிடுவது வீண் என்பதே என் எண்ணம்; அப்படிப் போகிறவரை வாழ்த்தி அனுப்புங்கள். நான்காவது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. ஏசியவர் எவ்வளவு பழையவராக இருந்தாலும், அன்று மாலைக்குள் அவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். ஏச்சு வாங்கியவரிடம், நடந்தது பிழை என்று முதலாளியே வாயால் சொல்லுங்கள். ஒரு வாரம் போனால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இராது. இதைச் சிறு விடயம் என்று தட்டிக்கழிப்போர்தான் ஆள் தேடி அடிக்கடி அலைகிறார்கள்.

ஹோட்டல் நடத்துவோருக்கு ஒரு மேலதிகச் சிக்கல் உண்டு. நம் கரையில் பருவகாலம் செப்டெம்பரோடு தளர்ந்து, ஐப்பசிக்குப் பின் மாரியோடு அறைகள் வெறிச்சோடிவிடும். சேவைக் கட்டணப் பங்கையே நம்பி வேலை செய்பவர்களின் வருமானம் அந்த மாதங்களில் பாதியாகிவிடக்கூடும். கடைசி வாரத்தில் "சீசன் தொடங்கச் சொல்லி அனுப்புகிறோம்" என்று கைவிடுவதைவிட, மாரிக் கால வேலை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, இல்லாதவர்களில் யாரைச் சித்திரையில் எந்தச் சம்பளத்தில் திரும்ப எடுப்பீர்கள் என்பதை ஆவணியிலேயே எழுத்தில் கொடுங்கள்.

ஒருவரை வேலையை விட்டுப் போகாமல் நிறுத்திவைக்கும் சில முறைகளைக் கைவிட வேண்டும். தீராத முற்பணத்தைக் கொடுத்துக் கட்டிப்போடுவது அவற்றுள் பழையது. கடனுக்காக நிற்பவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மனக்கசப்போடு நிற்கிறார். 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உரித்தாகும். அதைக் கொடுக்காமல் தப்புவதற்காக நான்காம் ஆண்டு முடிவில் காரணம் தேடி ஆளை அனுப்புவதையும் கைவிட வேண்டும்; அதை மற்ற ஊழியர்கள் ஒருபோதும் மறப்பதில்லை.

விலகுபவரிடம் உண்மைக் காரணம் கேட்பதற்கு விலகும் நாள் ஏற்றதல்ல. அவருக்குச் சேவைச் சான்றிதழும் நிலுவையும் உங்களிடமிருந்து வர வேண்டியிருப்பதால் மனம் திறந்து பேச மாட்டார். பணிக்கொடையைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் கொடுத்து முடித்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து, அவரோடு நன்றாகப் பழகிய ஒருவரைக் கொண்டு தொலைபேசியில் பேசச் செய்யுங்கள். போகலாம் என்ற எண்ணம் முதன்முதலில் எப்போது வந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் ஒரு மாதத்தையோ ஒரு நாளையோ குறிப்பிடுவார்கள். அதை அவருடைய பக்கத்தில் எழுதிக்கொண்டு, அந்நாட்களில் கடையில் என்ன நடந்தது, அப்போது பொறுப்பில் இருந்தவர் யார் என்று பழைய வேலைநேர அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.