கையறுநிலைப் பாடலில் எதுகை, மோனை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையறுநிலை, அதாவது சாவைப் பாடும் கவிதை, என்றாலே 'ஓசையிலேயே அழுகை கேட்கிறது' என்று எழுதிவிடுகிறோம். எந்த அடியில், எந்தச் சீரில் என்று கேட்டால் பதில் வராது. புறநானூற்றின் 112-ஆம் பாடலை வைத்தே பார்ப்போம். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது, ஐந்தே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேமெம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தரெம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இன்றைய நிலவில் வென்ற வேந்தர் குன்றைக் கொண்டார், தந்தையும் இல்லை என்கிறார்கள்.

அச்சில் இடைவெளி விட்ட சொற்களையெல்லாம் சீர் என்று எண்ணாதீர்கள். பொருள் விளங்குவதற்காகப் பல பதிப்புகளில் நான்காம் அடியை 'வென்று எறி முரசின் வேந்தர் எம்' என்று பிரித்துப் போடுவார்கள். சொல் ஐந்து, சீர் மூன்றுதான். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, இப்படி முச்சீராக நிற்பதால்தான் இது ஆசிரியப்பாவின் ஒரு வகையான நேரிசை ஆசிரியப்பா.

யாப்பு மரபாகக் கேட்பதைத் துயரக் கணக்கில் எழுதுவதும் தவறு. 'இலமே' என்ற ஏகாரத்தைப் புலம்பல் என்பார்கள். ஆசிரியப்பா பெரும்பாலும் ஏகாரத்தில்தான் முடியும். மன்னன் வெற்றியைப் புகழும் பாட்டும் அப்படித்தான். ஆசிரியப்பாவுக்கே உரிய அகவலோசையைச் சோக ஓசை என்பதும் இதே கோளாறு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. 'அற்றை, இற்றை: எதுகை நயம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நகர்வது. கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இரண்டே எழுத்துதான் வேறுபாடு: இரண்டு இடத்திலும் 'அ' போய் 'இ' வந்திருக்கிறது. மோனை அதே ஒன்றாம், மூன்றாம் சீர்களில் விழுகிறது. நிலவு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

சரி, எது அப்படியே திரும்பவில்லை? இரண்டாம் அடியில் தந்தை முன்னே, குன்று பின்னே. முடிவில் குன்று முதலில் போகிறது, தந்தை கடைசியில். 'எந்தையும்' என்ற சொல் மாறாமல் வருகிறது. அதற்கு அடுத்து 'உடையேம்' இருந்த இடத்தில் 'இலமே' வந்து நிற்கிறது. இழப்பைச் சொல்வது திரும்பி வந்த சொல் மட்டுமல்ல, அதன் பக்கத்தில் மாறிப்போன சொல்லும்தான். ஆகவே திரும்ப வரும் சொற்களைக் கோடிட்டதும், அவற்றின் அக்கம்பக்கத்தையும் கோடிடுங்கள்.

அப்புறம், அடியெதுகையை (அடிகளின் முதற்சீர்களுக்குள் வரும் எதுகையை) முதல், மூன்றாம் அடிகளோடு விட்டுவிட வேண்டாம். 'வென்றெறி', 'குன்றும்' என்று கடைசி இரண்டடியும் எதுகையால் கட்டுண்டிருக்கின்றன: வென்றவர்களின் முரசும் அவர்கள் கொண்டுபோன மலையும் ஒரே ஓசையில்.