ரீப்பர் வயரிங் வீட்டுக்குப் புது வயரிங்: எங்கே ஆரம்பிப்பது?

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு ரீப்பர் வயரிங் வீடு, அதாவது சுவரில் மரச் சட்டம் அடித்து அதன்மேல் வயர் ஓட்டிய வீடு. அங்கே வாஷிங் மெஷினைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும். "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு" என்பதுதான் பல வருடமாக வீட்டில் இருந்த தீர்வு. ஒருநாள் அந்த பிளக் பாயின்டைக் கழற்றிப் பார்த்தோம். எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. பிரிட்ஜ் பாயின்டில் அதைவிட மோசம்: எர்த் முனையை ஒரு துண்டு வயரால் நியூட்ரலோடு (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) சேர்த்து வைத்திருந்தார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். அந்த வீட்டுக்கு மறு வயரிங் செய்தபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயர் இழுப்பதும் முனை கட்டுவதும் உரிமம் உள்ள வயர்மேன் வேலை. கணக்கெடுப்பது, திட்டம் போடுவது, சரியான பொருள் வாங்குவது, கடைசியில் சோதித்துப் பார்க்கச் சொல்வது ஆகியவை வீட்டுக்காரர் வேலை. இந்த நான்கையும் செய்யாதவர் வீட்டில் வயர்மேன் எதைச் செய்தாலும் அதுதான் வயரிங்.

படி 1: இருப்பதைப் பாருங்கள்

மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மெயின் அணைந்த நொடியே இன்வெர்ட்டர் லைனுக்கு உயிர் கொடுத்துவிடும். அப்புறம் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் எரிகிறதா என்பதை மெயினை அணைப்பதற்கு முன்பே கரன்ட் இருக்கும் ஒரு பாயின்டில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மெயின் அணைந்தாலும் மீட்டரிலிருந்து மெயின் வரை வரும் வயரில் கரன்ட் இருக்கும். அந்தப் பக்கமும் ஈபி சீல் பக்கமும் கை போகக் கூடாது.

சுவிட்ச் போர்டைத் திறந்தால் வயரின் வயது தெரியும். மர ரீப்பரில் கிளிப் அடித்து ஓடும் ரப்பர் உறை வயர், வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். வெள்ளை நிறக் கம்பி என்றால் பெரும்பாலும் அலுமினியம். அது முனையில் நாளாக ஆகத் தளர்ந்து சூடேறும். "கொஞ்ச தூரம்தானே" என்று புதுச் செம்பு வயரை அதோடு முறுக்கிவிடச் சம்மதிக்காதீர்கள். அந்த முறுக்குதான் முதலில் கருகும். பீங்கான் பீஸ் கட்டைகளையும் உருவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்றில் மெல்லிய பீஸ் கம்பிக்குப் பதிலாக வயர் இழைகளை முறுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டை எரியாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் எரியும்.

படி 2: லோடு கணக்கு

வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை ஆம்ப்ஸ் என்பது கிடைக்கும். 2000 வாட்ஸ் கீசருக்கு 8.7 ஆம்ப்ஸ், 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3. வீட்டில் உள்ளதையும் இரண்டு வருடத்தில் வாங்கப்போவதையும் தாளில் எழுதிக் கூட்டுங்கள். மின்வாரியம் உங்களுக்கு அனுமதித்த லோடு இதற்குப் போதாது என்றால், லோடு உயர்த்த விண்ணப்பித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

படி 3: சர்க்யூட் பிரிப்பது

பழைய வீட்டில் இரண்டு பீஸ் கட்டையில் மொத்த வீடும் தொங்கும். புது டிபியில் (வீட்டுக்குள் லைன்களைப் பிரித்து அனுப்பும் பெட்டி) லைட்டும் ஃபேனும் தனி, சமையலறை பிளக் தனி, கீசர் தனி, ஏசி தனி, மோட்டார் தனி. லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், 6 அல்லது 10 ஆம்ப்ஸ் எம்சிபி (அளவுக்கு மீறிக் கரன்ட் போனால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்). 16 ஆம்ப்ஸ் பிளக்குக்கு 2.5 வயர், 16 ஆம்ப்ஸ் எம்சிபி. ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி. எம்சிபி காப்பாற்றுவது வயரைத்தான். எனவே அடிக்கடி விழுகிறதென்று 32 ஆம்ப்ஸ் எம்சிபி மாட்டச் சொன்னால், பழைய முறுக்கு வயர் பீஸ் கட்டைக்கே திரும்பிப் போனதாக அர்த்தம்.

வயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 எண்ணும் பாருங்கள். பேஸுக்கு (கரன்ட் வரும் வயர்) சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. 90 மீட்டர் சுருளில் பச்சை தீர்ந்துபோனால் கடைக்குப் போய் பச்சையே வாங்கி வர வேண்டும். மிச்சமிருக்கும் சிவப்பை எர்த்துக்கு ஓட்டினால், பத்து வருடம் கழித்து அதைத் திறப்பவருக்கு அது பொறி.

படி 4: எர்த், அதன் பிறகு ஆர்சிசிபி

என்னைக் கேட்டால் காசை முதலில் இங்கே போட வேண்டும். தோட்டத்திலோ கொல்லையிலோ ஈரம் தங்கும் இடத்தில் குழி எடுத்து எர்த் பைப் இறக்கி, அங்கிருந்து டிபிக்கும், டிபியிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர் போக வேண்டும். தண்ணீர்க் குழாயில் கட்டுவது எர்த் அல்ல. இன்று பாதிக் குழாய் பிவிசிதான்.

ஆர்சிசிபி செய்வது எளிய கணக்கு. பேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்ப்ஸ் குறைந்தாலே அணைத்துவிடும். எர்த் இருந்தால் பிரிட்ஜில் கசிவு தொடங்கியதும் விழும். எர்த் இல்லாவிட்டால், கசியும் கரன்டுக்குப் பாதை யாராவது தொட்ட பிறகுதான் கிடைக்கும். அந்தப் பாதை தொட்டவரின் உடம்பு. ஆர்சிசிபி லோடைப் பார்க்காது, அதற்கு எம்சிபிதான். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரையும் அதற்கு அடையாளம் தெரியாது.

பழைய வீட்டில் ஆர்சிசிபி மாட்டியதும் ஓயாமல் விழும். "இது சரிப்படாது சார், எடுத்துடலாம்" என்று எங்களிடமும் சொன்னார்கள். எடுக்க வேண்டாம். எங்கோ நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கும், எங்கள் பிரிட்ஜ் பாயின்ட் மாதிரி. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி ஆர்சிசிபி வைத்தால் இன்னொரு சிக்கலும் வரும்: படிக்கட்டு லைட்டுக்குப் பேஸ் கீழிருந்தும் நியூட்ரல் மேலிருந்தும் எடுத்திருப்பார்கள். எல்லா எம்சிபியையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போட்டால் எந்த சர்க்யூட்டில் கசிவு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். எம்சிபி பேஸை மட்டும்தான் அறுக்கும் என்பதால், நியூட்ரல் கலப்பைப் பிடிக்க நியூட்ரலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

படி 5: சுவரை என்ன செய்வது

புதுச் சிமென்ட் சுவரில் கட்டர் வைத்துக் காடி எடுத்துப் பைப் பதிக்கலாம். சுண்ணாம்புச் சுவரில் உளி வைத்தால் பூச்சு பாளம் பாளமாக வரும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை) கை வைக்கவே கூடாது. அங்கே சுவரின் மேலேயே ஓட்டும், மூடி போட்ட பிவிசி கேசிங்கே போதும். அழகில் ஒரு மாற்றுக் குறைவு, ஆனால் அடுத்த முறை திறந்து பார்க்க முடியும்.

படி 6: பணம் கொடுப்பதற்கு முன்

500 வோல்ட் மெகர் என்ற கருவியை வைத்துக் காப்புத்தடை (வயரின் உறை கரன்டைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பல்பும் சாதனங்களும் கழற்றிய நிலையில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் வருகிறதா, பேஸ் வலது பக்கத் துளையில் இருக்கிறதா, சுவிட்ச் பேஸைத்தான் அறுக்கிறதா என்று நீங்களும் கூட நின்று பாருங்கள். டிபி மூடியின் உள்பக்கம் எந்த எம்சிபி எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பழைய வயரைச் சுவரிலேயே விட்டுப் போகவிடாதீர்கள்.

ஆர்சிசிபியில் 'டி' என்று போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். எங்கள் வீட்டில் ஈபி பில் கட்டும் நாளில் அழுத்துகிறோம், அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். நடுவில் வரும் மாதத்தை அம்மா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.