ஸ்டார்ட்டர் முனகியது, ஆக்சிலரேட்டர் கேபிள் சுட்டது

ஃபைபர் கிளாஸ் பாடி கொண்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கார். வீட்டிலேயே முழுசாகப் பிரித்து, சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவி, சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பெயிண்ட்) கொடுத்து, கூடுதல் சக்தியுள்ள எஞ்சினோடு திரும்பப் பூட்டினேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகி நின்றுவிடும்.

பேட்டரியை மாற்றினேன். ஸ்டார்ட்டரைக் கழற்றித் தனியாக மின்சாரம் கொடுத்தால் நன்றாகவே சுற்றியது. பாசிட்டிவ் கேபிளையும் தடிமனாகப் போட்டேன். அதே முனகல்.

அப்புறம் தற்செயலாக ஆக்சிலரேட்டர் கேபிளில் கை பட்டது. சுட்டது! த்ராட்டிலை (எஞ்சினுக்குக் காற்றை விடும் வால்வு) இழுக்கும் வெறும் கம்பிக்கு ஏன் சூடு வர வேண்டும்? எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ஃபைபர் கிளாஸில் மின்சாரம் பாயாது. எஞ்சினை சேஸிஸோடு இணைத்து, மின்சாரத்தை பேட்டரி நெகட்டிவுக்குத் திருப்பி அனுப்பும் எர்த் பட்டை சரியில்லை என்றால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேலான மின்சாரம் திரும்பிப் போக அந்தக் கம்பிதான் வழி.

மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, நண்பரை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் பவுடர் கோட்டிங் அப்படியே இருந்தது. அது நல்ல மின்காப்பு. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, துரு ஏறாமலிருக்க மேலே வாசலின் தடவினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பாடா!

சூடான கேபிளையும் மாற்றிவிட்டேன். உள்ளே நைலான் உறை இளகியிருந்தால் ஓட்டத்தில் த்ராட்டில் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும்.