மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா? அளந்து பார்ப்பது எப்படி

"எனக்கு எப்போதுமே இப்படித்தான்" என்று பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் தொல்லை இது. பொறுக்க வேண்டியதில்லை; முதலில் அளந்து பாருங்கள்.

அடுத்த இரண்டு மாதவிடாய்க்கு ஒரு நோட்டில் தேதி, மாற்றிய நாப்கின்கள், முழுக்க நனைந்ததா பாதியா, ரத்தக் கட்டி விழுந்ததா என்று அன்றன்றே எழுதுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, 2.5 செ.மீ.க்குப் பெரிய கட்டிகள், 7 நாளைத் தாண்டுவது: இவற்றில் ஒன்று இருந்தாலே மருத்துவரைப் பார்க்கலாம். மாதவிடாய்க் கப் பயன்படுத்துவோர் மி.லி. கோடுகளைப் பார்த்துக் கூட்டலாம். ஒரு சுற்றில் 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு (ஒரு டெசிலிட்டருக்கு) மேல் இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். விடாத களைப்புக்கு அதுவே காரணமாகலாம். அதிக உதிரப்போக்குக்குக் காரணமாகக்கூடிய கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு கோளாறு, ரத்தம் உறைவதில் குறை ஆகியவற்றையும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்த்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது; 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பது இயல்பே. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சேமிப்பு நிரம்ப மேலும் 3 மாதமாவது வேண்டும்.

மணிக்கொரு நாப்கின் நனைந்து தலையும் சுற்றினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனபின் துளி ரத்தம் பட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.